வயதானோரைத் தியானத்தில் இருத்தும்போது நாம் விடும் தவறுகள்

இலங்கையின் வன்னியில், புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு பொதுநோக்கு மண்டபத்தில் முதியோருக்கான தியான வகுப்பு நடந்தபோது, என் அம்மம்மாவை நான்தான் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். "கண்ணை மூடுங்கோ, ஒன்றையும் யோசிக்காதேங்கோ" என்று வகுப்பை நடத்தியவர் சொன்னார். சற்று நேரத்தில் அம்மம்மாவின் விரல்கள் சேலைத் தலைப்பை முறுக்கத் தொடங்கின. வீதியால் போன உழவு இயந்திரத்தின் சத்தத்துக்கு உடல் குலுங்கிக் கண்ணைத் திறந்தவர், "வா பிள்ளை, வீட்டை போவம்" என்றார். முடியும்வரை இருங்கோ என்று நான் அவரை மறித்து வைத்தேன். அதுதான் நான் விட்ட முதற் பிழை.

இறுதிப் போர் நடந்த 2009ஆம் ஆண்டின் முதல் மாதங்களைப் பதுங்குகுழிகளுக்குள் கழித்தவர்களுக்கு, கண்ணை மூடிய அமைதி எப்போதும் ஓய்வாக இருப்பதில்லை. வெளியுலகிலிருந்து விலகிய கவனம் உள்ளே திரும்பும்போது, பகல் முழுவதும் வேலையாலும் பேச்சாலும் அடக்கி வைத்திருந்த நினைவுகள் மேலே வருகின்றன. இது வன்னிக்கு மட்டும் உரியதன்று. 83 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2020இல் வெளியான ஒரு மீளாய்வு, தியானம் செய்தோரில் ஏறத்தாழ 8 சதவீதமானோருக்குப் பதற்றம், மனச்சோர்வு போன்ற பாதகமான விளைவுகள் ஏற்பட்டதாகக் கணித்தது. ஆகவே எங்கள் முதியவர்களைக் கண்ணைத் திறந்தபடியே, பாதங்கள் நிலத்தில் படும்படி கதிரையில் இருத்தி, ஒரு விளக்கையோ பூவையோ பார்க்கச் சொல்லித் தொடங்குவதே நல்லது. முதலில் ஐந்து நிமிடம் போதும். எழுந்து போக விரும்பினால் போகலாம் என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். நித்திரையைக் கெடுக்கும் அளவுக்கு நினைவுகள் திரும்பத் திரும்ப வந்தால், தியானத்தைக் கூட்டாமல் நிறுத்திவிட்டு, மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

"ஒன்றையும் யோசிக்காதேங்கோ" என்ற சொல்லும் பிழையானது. யோசனை வராமல் இருப்பது தியானமன்று. கவனம் மூச்சிலிருந்து விலகிவிட்டதை அறிந்து அதை மெதுவாகத் திருப்பிக் கொண்டுவருவதே அதன் வேலை. எங்கள் ஊரில் "அவ கனக்க யோசிக்கிறா" என்றால் மனம் பாரமாக இருக்கிறது என்று பொருள். ஏற்கெனவே அந்தப் பாரத்தோடு இருப்பவரிடம் யோசிக்காதே என்று சொல்லும்போது, இதுவும் எனக்கு முடியவில்லையே என்ற இன்னொரு யோசனையைத்தான் நாம் கொடுக்கிறோம்.

அடுத்த தவறு, தியானம் மறதியை நிறுத்தும் என்று நம்புவது. இந்த நம்பிக்கைக்கு ஒரு காரணம் உண்டு. 2005இல் சாரா லாசர் தலைமையில் அமெரிக்காவில் நடந்த ஆய்வில், நீண்டகாலம் தியானம் செய்த 20 பேரின் மூளைப் புறணி, அதாவது மூளையின் வெளி அடுக்கு, சில இடங்களில் மற்றவர்களுடையதை விடத் தடிப்பாக இருந்தது. அந்த வேறுபாடு வயதில் மூத்தவர்களிடம் கூடுதலாகத் தெரிந்தது. ஆனால் அது ஒரே நேரத்தில் இரு குழுக்களை ஒப்பிட்ட ஆய்வு. தியானத்தால் புறணி தடித்ததா, அத்தகையவர்கள்தாம் தியானத்தை விடாமல் தொடர்ந்தார்களா என்பதை அதைக் கொண்டு பிரித்தறிய முடியாது. பின்னர் பிரான்சில் 65 வயதுக்கு மேற்பட்ட 137 பேரைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்து, ஒரு குழுவுக்குத் தியானமும் இன்னொன்றுக்கு ஆங்கில மொழியும் 18 மாதங்கள் கற்பித்தார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவும் கற்பிக்கவில்லை. 2022இல் வெளியான அதன் முடிவில், ஆராய்ந்த மூளைப் பகுதிகளின் பருமனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. எனினும் கவனம், உணர்ச்சிகளைக் கையாளுதல், தன்னை அறிதல் ஆகியவற்றைச் சேர்த்துக் கணித்த புள்ளியில் தியானக் குழு, மொழி கற்ற குழுவை விட முன்னேறியிருந்தது. அதே ஆண்டில், மறதி கூடுவதாகத் தாமே உணர்ந்த 585 முதியோரிடம் அமெரிக்காவில் நடந்த சோதனையிலும் மனக்கவனத் தியானப் பயிற்சி நினைவாற்றலை உயர்த்தவில்லை.

இதனால் தியானம் பயனற்றது என்று ஆகிவிடாது. பதற்றமும் மனச்சோர்வும் ஓரளவு தணிகின்றன என்பதை 47 சோதனைகளைத் தொகுத்த 2014ஆம் ஆண்டு மீளாய்வு காட்டியது. நித்திரைக் குழப்பமுள்ள 49 மூத்தோரிடம் 2015இல் வெளியான சிறு ஆய்வில், ஆறு வாரப் பயிற்சிக்குப் பின் நித்திரை மேம்பட்டது. இரவு முழுக்கப் புரண்டு படுப்பவருக்கு அது சிறிய உதவியன்று.

ஆபத்தான தவறு, தியானம் தொடங்கிவிட்டது என்று கிளினிக்குக்குப் போவதை நிறுத்துவது. மறதிநோயில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று 2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு கணித்து, மறதிநோய்க்கு வழிவகுக்கும் 14 காரணிகளைப் பட்டியலிட்டது. உயர் குருதி அமுக்கம், நீரிழிவு, கேட்டல் குறைவு, பார்வைக் குறைவு, மனச்சோர்வு, தனிமை ஆகியவை அவற்றுள் அடங்கும். பிறஷர்க் குளிசையும் கண்புரைச் சத்திரசிகிச்சையும் காது கேட்கும் கருவியும் செய்யும் வேலையைத் தியானம் செய்யாது. மறதி கூடுவதற்குத் தைரொயிட் குறைவோ உயிர்ச்சத்து பி12 குறைவோ காரணமாக இருக்கலாம். அவற்றைக் குருதிப் பரிசோதனையில் கண்டுபிடித்துச் சிகிச்சை செய்யலாம்.

பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து தியானப் பதிவு ஒன்றை அனுப்பிவிட்டு, அம்மா தனியே இருந்து கேட்பார் என்று எண்ணுவதும் இங்கே பரவலாக நடக்கிறது. பிரான்சு ஆய்வில் முதியோர் வாரந்தோறும் குழுவாகவே கூடினார்கள். தனிமையில் வாடும் ஒருவரைத் தொலைபேசியோடு இன்னும் தனித்திருக்க வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. என் அம்மம்மா அந்த மண்டபத்துக்குத் திரும்பிப் போகவில்லை. இப்போது விடியற்காலையில் பக்கத்து வீட்டு ஆச்சிகள் இருவரோடு கதிரையில் இருந்து கோயிலுக்கு நந்தியாவட்டையில் மாலை கட்டுகிறார். ஒவ்வொரு பூவின் காம்பையும் விரலால் தடவிப் பார்த்து, நாரைச் சுற்றி இழுக்கும்போது மூச்சை விடுகிறார். உழவு இயந்திரம் போனால் மூன்று பேருமே தலை நிமிர்ந்து பார்க்கிறார்கள். பிறகு விட்ட பூவை எடுக்கிறார்கள்.