போன் காரோடு இணையவில்லையா? பற்றரியில் கை வைக்காதீர்கள்

புளூடூத்தை ஓன் பண்ண மறப்பது, காரின் ஓடியோ செட் எழும்ப முன்னரே அவசரப்படுவது எல்லாம் யாருக்கும் தெரிந்தவை, விட்டுவிடுவோம். 2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் தொடங்கியது. அதனால் ஜப்பான் மொழிச் செட்டோடு வந்த பழைய டொயோட்டா அக்வா, விட்ஸ் கார்கள் எல்லாம் திருகோணமலையில் இன்னும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. புதிதாக வாங்குகிறவர்களும் அதே பிழைகளையே திரும்பத் திரும்பச் செய்கிறார்கள்.

பற்றரி டெர்மினலைக் கழட்டி "ரீசெட்" பண்ணுவது

இது காசைத் தின்கிற பிழை. எத்தனை தரம் சொன்னாலும் நிற்காத பிழையும் இதுதான்.

உவர்மலையில் ஒருவர் அக்வா வாங்குகிறார் என்று வையுங்கள். போன் செட்டில் ஏறவில்லை. "அண்ணன், டெர்மினலைக் கழட்டிப் பத்து நிமிசத்தால பூட்டுங்க, எல்லாம் சரிவரும்" என்கிறார் தெரிந்த பொடியன். பின்சீட்டுக்குக் கீழே இருக்கும் 12 வோல்ட் பற்றரியைத் தேடிக் கழட்டுகிறார்கள். திரும்பப் பூட்டியதும் பாட்டும் இல்லை, ரிவர்ஸ் கமராவும் இல்லை; ஜப்பான் எழுத்தில் கடவுச்சொல் கேட்டுக்கொண்டு திரை நிற்கிறது.

காரணம் எளிது. ஜப்பான் நவிகேஷன் செட்டுகள் பலவற்றில் திருட்டைத் தடுக்கும் பூட்டு இருக்கிறது. மின்சாரம் முற்றாகப் போனால், "என்னை வண்டியிலிருந்து கழட்டிவிட்டார்கள்" என்று எடுத்துக்கொண்டு செட் பூட்டிக்கொள்ளும். சிலது வரைபட எஸ்டி கார்டையும் கேட்கும். அந்தக் கார்ட் இல்லாமலே வந்துசேர்ந்த வண்டிகளும் உண்டு. திரையில் இ.ஆர்.சி. (ERC) என்று தெரியும் இலக்கத்தை அனுப்பிக் காசு கொடுத்துக் கடவுச்சொல் எடுக்க வேண்டும்; கார்ட் இல்லையென்றால் அதற்கும் தனியாக அலைய வேண்டும். அலுத்துப்போய் 9 அங்குல அன்ட்ராய்ட் செட் ஒன்றை வாங்கி, கம்பனி வயரை வெட்டிப் பூட்டுகிறவர்கள் ஸ்டியரிங் பொத்தான்களையும் கமராவையும் சேர்த்தே இழக்கிறார்கள்.

இத்தனைக்கும், பல செட்டுகளில் புளூடூத் பட்டியல் மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில்தான் இருக்கிறது. டெர்மினலைக் கழட்டியதால் அது அழிவதும் இல்லை.

செய்ய வேண்டியது இதுதான். செட்டின் புளூடூத் பட்டியலைத் திறவுங்கள். மொழி விளங்காவிட்டால் இன்னொரு போனில் கூகுள் லென்ஸைத் திரைக்கு நேரே பிடியுங்கள். பல செட்டுகள் 5 போனுக்கு மேல் ஏற்காது. பழைய சொந்தக்காரரின் போன்கள் அதில் நிறைந்திருக்கும், ஒன்றிரண்டை அழித்துவிடுங்கள். உங்கள் போனிலும் அந்தக் காரின் பெயரை மறக்கச் செய்து, போனை ஒருதரம் ஓஃப் பண்ணி ஓன் பண்ணிவிட்டுப் புதிதாக இணையுங்கள். இலக்கம் கேட்டால் பெரும்பாலும் 0000 அல்லது 1234. அழைப்பு வந்தும் பாட்டு வரவில்லையென்றால், சில செட்டுகளில் அழைப்புக்கும் பாட்டுக்கும் தனித்தனிப் பதிவு என்பதை மறக்காதீர்கள்.

பற்றரி செத்து மாற்றத்தான் வேண்டுமென்றால், கழட்டுமுன் இன்னொரு 12 வோல்ட் பற்றரியை ஜம்பர் வயரால் பொசிட்டிவ்வுக்குப் பொசிட்டிவ், நெகட்டிவ்வுக்கு நெகட்டிவ் கொடுத்து வையுங்கள். வயர் பிடிப்பது பற்றரியின் தலையில் அல்ல, கழட்டப்போகும் கிளாம்பில் இருக்க வேண்டும். அப்போது கழட்டிய பொசிட்டிவ் கிளாம்பில் மின்சாரம் இருக்கும். தடித்த துணியாலோ றப்பராலோ சுற்றாவிட்டால் வண்டியின் உலோக உடலில் பட்டுத் தீப்பொறி பறக்கும்.

சார்ஜ் வயரை டேட்டா வயர் என்று நம்புவது

போன் சார்ஜ் ஏறுகிறது, ஆனால் போனின் வரைபடத்தையும் பாட்டையும் கார்த் திரையில் காட்டும் அன்ட்ராய்ட் ஓட்டோ வரவில்லை. மலிவு வயர்கள் பலவற்றுக்குள் மின்சாரத்துக்கான இரண்டு கம்பிகள் மட்டுமே இருக்கும், டேட்டாக் கம்பிகள் இருக்காது. கணினியில் செருகிப் பாருங்கள். போனில் "ஃபைல் ட்ரான்ஸ்ஃபர்" தெரிவுசெய்தும் படங்கள் தெரியாவிட்டால் அந்த வயர் உதவாது. 1 மீற்றருக்குள் நல்ல வயர் எடுங்கள், இடையில் நீட்டிப்பு வயர் வேண்டாம்.

வயர் நல்லதென்றால் போனின் துளையைப் பாருங்கள். நிலாவெளி, உப்புவெளிக் கடற்கரைக்குப் போய்வந்த போனில் மணலும் துணிப்பஞ்சும் அடியில் இறுகிக் கிடக்கும். வயர் முழுதாக உள்ளே போகாமல் ஒரு மயிரிழை வெளியே நிற்கும், தொட்டால் ஆடும். போனை ஓஃப் பண்ணிவிட்டு மரப் பல்லுக்குச்சியால் மெதுவாகச் சுரண்டுங்கள். ஊசி வேண்டாம்.

வயர்லெஸ் டொங்கிள் எல்லாம் தரும் என்று நினைப்பது

ஏற்கெனவே வயரில் கார்ப்பிளே (ஐபோனுக்கானது) அல்லது அன்ட்ராய்ட் ஓட்டோ ஓடும் செட்டை வயரில்லாமல் ஆக்கத்தான் இந்தச் சிறு யூஎஸ்பி கருவி. இரண்டும் இல்லாத செட்டில் செருகினால் விளக்கு எரியும், அவ்வளவுதான்.

லைட்டர் துளைச் சார்ஜர்

அதில் சார்ஜ் மட்டுமே ஏறும், செட்டுக்கு டேட்டா வராது.

எஃப்எம் ட்ரான்ஸ்மிட்டரில் 100க்கு மேல் வைப்பது

போனின் பாட்டை ரேடியோ அலையாக அனுப்பும் இந்தக் கருவி புளூடூத் இல்லாத செட்டுக்கு ஒரு வழி. ஆனால் பழைய ஜப்பான் ரேடியோக்கள் பல 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரையே பிடிக்கும். 87.5க்கும் 90க்கும் இடையில் வெறுமையாக இருக்கும் இடத்தைத் தேடி வையுங்கள்.

ஐபோனில் சிரியை ஓஃப் பண்ணி வைப்பது

கார்ப்பிளே வராது. ஓன் பண்ணுங்கள்.

டாஷ்போர்ட்டில் போனைக் காயவிடுவது

ஐபோன் 35 பாகை செல்சியஸ் வரையான சூழலுக்கே செய்யப்பட்டது. வெக்கையான கச்சான் காற்று வீசும் மாதங்களில் கண்ணாடிக்குக் கீழே வெயிலில் கிடக்கும் போன் அந்த எல்லையைச் சுலபமாகத் தாண்டும். வயர்லெஸ்ஸில் ஓடும்போது போன் தானாகவும் சூடாகும். கந்தளாய் தாண்டுமுன் இணைப்பு அறுந்தால் செட்டைத் திட்ட வேண்டாம். போனை ஏசிக் காற்று படும் இடத்துக்கு மாற்றிவிட்டு, அந்தப் பயணத்துக்கு வயரில் ஓடுங்கள்.