சிங்கப்பூருக்குப் பிள்ளைகளுடன் போகிறவர்கள் ஆடுகளப் பதிவை யாரிடமும் விலைக்கு வாங்க வேண்டாம்

சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு, ராமேசுவரம் அருகே உள்ள எங்கள் ஊரான மண்டபத்துக்கு வந்த இந்த இரண்டு வாரத்தில், சிங்கப்பூருக்குக் குடும்பத்தோடு கிளம்பவிருக்கும் மூன்று வீட்டார் என்னைத் தேடி வந்து வாடகை, பள்ளிக்கூடம், அரிசி விலை என எல்லாவற்றையும் விசாரித்தார்கள். பிள்ளைகள் எங்கே விளையாடுவார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நம் கரையில் அது ஒரு கேள்வியே அல்ல. ஆண்கடலான மன்னார் வளைகுடா சீறும் மாதங்களில் பெண்கடலான பாக் விரிகுடாக் கரையிலும், ஊருணி வற்றிய பின் அதன் தரையிலும், மழை பெய்து அது நிறைந்துவிட்டால் கருவேலம் வெட்டித் திருத்திய பொட்டலிலும் பையன்கள் தாமாகவே இடம் பிடித்துக்கொள்கிறார்கள். யாரிடமும் அனுமதி கேட்பதில்லை.

அனுமதி அட்டை, பள்ளிச் சேர்க்கை ஆகியவற்றை வேலை கொடுப்பவரும் முன்பே போன உறவினர்களும் சொல்லித் தருவார்கள். அரசின் இணையச் சேவைகளுக்கான நுழைவுக் கணக்கான சிங்பாஸ் கிடைத்ததும், அரசின் விளையாட்டுத் திட்டமான ஆக்டிவ்எஸ்ஜியிலும் கணக்குத் திறந்துவிடுங்கள். அரசின் விளையாட்டு அரங்குகளைப் பதிவு செய்ய அதுவே வழி. 2014இல் அத்திட்டம் தொடங்கியபோது 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரவு வைத்தது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். அது நமக்கும் உண்டு என்று நினைத்து, என்னைப் போல முகப்பில் போய்க் கேட்டு நிற்காதீர்கள்.

பெரும்பாலும் நீங்கள் குடியேறப்போவது வீவக, அதாவது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீட்டில்தான். புளோக்கின் கீழ்த்தளம் காற்றோட்டமாக, நம் ஊர்க் கல்யாண மண்டபம் போல விரிந்து கிடக்கும். பார்த்ததும் பையனுக்குக் கால் பரபரக்கும். ஆனால் பல இடங்களில் அங்கே பந்து விளையாடத் தடை விதிக்கும் பலகை தொங்கும், பந்து சுவரில் மோதும் ஓசைக்கு மேல்மாடியிலிருந்து புகாரும் போகும். 5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடல் வருந்த ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த 60 நிமிடத்துக்கு இடம் தேடியபோதுதான் நான் ஏமாந்தேன்.

என் மகனுக்கும் அவன் வகுப்புத் தோழர்கள் மூவருக்கும் சனிக்கிழமை மாலையில் உள்ளரங்கப் பூப்பந்துக் (பேட்மிண்டன்) களம் வேண்டும். பதிவு காலை 7 மணிக்குத் திறக்கும். 7 மணி 1 நிமிடத்துக்கு நான் பார்க்கும்போது மாலை நேரங்கள் அனைத்தும் போயிருக்கும். மூன்று வாரம் இப்படியே தோற்ற பிறகு, கைப்பேசிக் குழு ஒன்றில் ஒருவர் அதே அரங்கின் அதே நேரத்தை விற்பதாக எழுதியிருந்ததைப் பார்த்தேன். கூட்டமுள்ள பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடித்து விற்பது போன்ற வேலைதான் அது என்று அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். 30 வெள்ளி அனுப்பினேன். பதிவுப் பக்கத்தின் படம் ஒன்று வந்தது. அரங்குக்குப் போனால், அதே படத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு இன்னொரு குடும்பம் எங்களுக்கு முன்பே நின்றது. பதிவு செய்தவர் யார், அவர் வந்திருக்கிறாரா என்று பணியாளர் பொறுமையாகக் கேட்டார். எங்கள் இரு தரப்பிடமும் பதில் இல்லை. பதிவை இன்னொருவருக்கு விற்பதும் மாற்றிக் கொடுப்பதும் விதிமீறல் என்பதை அங்குதான் அறிந்தேன். விற்றவர் அதற்குள் என் எண்ணைத் தடை செய்திருந்தார். பணம் போனதை விட, நான்கு பையன்களும் மட்டைகளைத் தோளில் மாட்டியபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றதுதான் இன்றும் உறுத்துகிறது. இங்கேயானால் மட்டையைக் கீழே போட்டுவிட்டுக் கடலில் குதித்திருப்பார்கள்.

அன்று அவர்களை அழைத்துக்கொண்டு நடந்தபோது, எங்கள் குடியிருப்பிலிருந்து இரண்டு தெரு தள்ளி, வலை அடித்த சிறு காற்பந்துத் திடலும் திறந்தவெளிப் பூப்பந்துக் களமும் கண்ணில் பட்டன. கட்டணம் இல்லை, பதிவும் இல்லை, முந்தியவர்க்கு இடம். காற்றில் இறகுப்பந்து திசைமாறும் என்பது மட்டுமே குறை. வீடு பார்க்கும்போதே இத்தகைய இடங்களை நடந்து தேடிக் குறித்துக்கொள்ளுங்கள். பள்ளி நேரம் முடிந்தபின் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படும் பள்ளித் திடல்களும் உண்டு. எந்தப் பள்ளி, எந்த நேரம் என்று ஆக்டிவ்எஸ்ஜியிலேயே பார்த்துவிடலாம்.

பெண்பிள்ளை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊருணியும் பொட்டலும் பற்றி இவ்வளவு பெருமை பேசினேனே, அங்கெல்லாம் என் மகள் ஒரு நாளும் மட்டை பிடித்ததில்லை; யாரும் அழைத்ததுமில்லை. அந்தத் திறந்தவெளிக் களத்தில் அவள் இப்போது தன் அண்ணனைத் தோற்கடிக்கிறாள். விடுமுறையில் இங்கு வந்து மாலையில் முற்றத்திலேயே உட்கார்ந்திருந்தவள், நேற்று, "வாப்பா, நாம திரும்பிப் போற வாரத்துக்கு இப்பவே புக் பண்ணிடுங்க" என்றாள். சிங்கப்பூரின் 7 மணி நமக்கு விடியற்காலை 4.30. அலாரம் வைத்திருக்கிறேன்.