பழைய கணினியில் லினக்ஸ் கெர்னல் கம்பைல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

லினக்ஸின் மையமான கெர்னலை மூலநிரலிலிருந்து கட்டும் வேலை, அதாவது கம்பைல், பாதியில் நின்றதும் பலரும் திரையின் கடைசி வரியைத்தான் பார்க்கிறார்கள். அங்கே ‘எர்ரர் 2’ என்று மட்டும் இருக்கும். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. பல வேலைகள் ஒரே நேரத்தில் ஓடும்போது உண்மையான பிழை எங்கோ மேலே புதைந்து கிடக்கும். கம்பைலை நடத்தும் ‘மேக்’ கட்டளையை இணை வேலைகள் இல்லாமல் மறுபடி ஓட்டுங்கள், எந்தக் கோப்பில் நின்றது என்று தெரிந்துவிடும்.

அப்புறம் கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு முறையும் அதே கோப்பில்தான் நிற்கிறதா என்பது. ஜிசிசி கம்பைலர் ஒருமுறை ஒரு கோப்பிலும் அடுத்தமுறை வேறொன்றிலும் ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ (நினைவக அணுகல் பிழை) என்று விழுந்தால், மூலநிரலைச் சந்தேகிக்காதீர்கள். பெரும்பாலும் ராம் பழுதாகியிருக்கும், அல்லது விசிறியில் தூசி அடைத்து பிராசசர் சூடேறியிருக்கும். சாதாரண வேலைகளில் தெரியாத கோளாறு, மணிக்கணக்கில் ஓடும் கம்பைலில் வெளியே வந்துவிடும். நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ஐ ஓர் இரவு முழுக்க ஓடவிட்டுப் பாருங்கள்.

‘கில்டு’ என்று வந்தால் கதை வேறு. நினைவகம் தீர்ந்துபோய், ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலே கம்பைலரை நிறுத்தியிருக்கும். இணை வேலைகளைக் குறையுங்கள், ஸ்வாப் (நினைவகம் போதாதபோது வட்டில் பயன்படும் இடம்) சேருங்கள், பிழை தேடுவதற்கான டீபக் தகவலை கான்ஃபிக்கில் (கெர்னல் அமைப்புத் தேர்வுகள்) அணையுங்கள்.

இதையெல்லாம்விட மனதை நோகடிப்பது, பிழையே இல்லாமல் கம்பைல் ஆகி, பூட் ஆகாமல் நிற்கும் கெர்னல். பிராசசர் குடும்பத்தைத் தவறாகத் தேர்ந்தெடுப்பதுதான் இதற்கு வழக்கமான காரணம். ஏஎம்டி கே6-இல் சிமூவ் என்ற பிராசசர் கட்டளை கிடையாது. அந்தக் கட்டளையை எதிர்பார்க்கும், பென்டியம் ப்ரோவுக்கான 686 கெர்னல் அதில் ஓடாது. தொடக்ககால பென்டியம் எம் சில்லுகள், 4 ஜிபிக்கு மேற்பட்ட நினைவகத்தை அணுக உதவும் பிஏஇ வசதியைக் காட்டாது. பிஏஇ தேவைப்படும் 64 ஜிபி நினைவக விருப்பம் உள்ள பழைய கெர்னல் பதிப்புகளில் அதை இயக்கினால் அவை அடம்பிடிக்கும். ப்ராக் அடைவிலுள்ள சிபியுஇன்ஃபோ கோப்பில் (/proc/cpuinfo) பிராசசரின் வசதிகளைப் பட்டியலிடும் ‘ஃப்ளாக்ஸ்’ வரியை முதலிலேயே படித்துவிடுங்கள். 386 பிராசசர் வைத்திருந்தால் புதிய பதிப்புகளில் நேரத்தை வீணாக்க வேண்டாம்; 2013-இல் வந்த 3.8 பதிப்போடு அதற்கான ஆதரவு போய்விட்டது.

டிஸ்ட்ரோவின் (நீங்கள் நிறுவியிருக்கும் லினக்ஸ் வெளியீட்டின்) கான்ஃபிக் கோப்பை அப்படியே எடுப்பதும் தவறுதான். உங்களிடம் இல்லாத வன்பொருளுக்கான ஆயிரக்கணக்கான மாட்யூல்களை (தேவைப்படும்போது ஏற்றப்படும் கெர்னல் துண்டுகளை) கட்டிக்கொண்டிருப்பீர்கள். ‘மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்’ கட்டளை அவற்றைக் கழித்துவிடும். ஆனால் அப்போது ஏற்றப்பட்டிருக்கும் மாட்யூல்களை மட்டுமே அது வைத்துக்கொள்ளும் என்பதால், யுஎஸ்பி சாதனங்களை முன்கூட்டியே செருகிவிடுங்கள். மூலநிரல் அடைவைச் சுத்தம் செய்யும் ‘மேக் எம்ஆர்ப்ராப்பர்’ கொடுத்தால் கான்ஃபிக் கோப்பும் அழிந்துவிடும். அதற்கு முன் வேறிடத்தில் ஒரு நகல் இருக்கட்டும்.