0/0 வந்தால் பேனையைக் கீழே வைக்காதீர்கள்

ஹட்டனுக்கு சனிக்கிழமை கிளாஸ் போய்வந்த காலத்தில் எல்லைக் கணக்கு, அதாவது மாறி ஓர் எண்ணுக்குக் கிட்டப் போகும்போது கோவை எந்தப் பெறுமானத்துக்குக் கிட்டப் போகிறது என்று கேட்கும் கணக்கு என்றாலே எனக்குப் பயம். பிரதியிட்டால் 0/0 வரும், விடை இல்லை என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவேன். இப்போது எங்கள் தோட்டத்தில் உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் சிலருக்கு இணைந்த கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன், அவர்களும் அதே இடத்தில்தான் நிற்கிறார்கள். போனில் விசைப்பலகையை மாற்றி மாற்றி அடிப்பது கஷ்டம் என்பதால் மாறியை ‘ய’ என்று வைத்திருக்கிறேன், நீங்கள் கொப்பியில் எக்ஸ் என்றே எழுதுங்கள்.

கணக்கு இது: ய→3 ஆகும்போது (ய² − 5ய + 6)/(ய² − 9) இன் எல்லை என்ன?

முதலில் பிரதியிடுங்கள். மேலே 9 − 15 + 6 = 0, கீழே 9 − 9 = 0. பகுதி பூச்சியமாகாமல் இருந்திருந்தால் வந்த எண்தான் விடை, அதோடு வேலை முடிந்தது.

அடுத்தது காரணிப்படுத்தல். காரணியைத் தேடி அலைய வேண்டாம், 3ஐப் போட்டதும் இரண்டும் பூச்சியமானதால் (ய − 3) மேலேயும் கீழேயும் கட்டாயம் இருக்கிறது, காரணித் தேற்றம் சொல்வதே அதுதான். ஆக (ய − 3)(ய − 2) / (ய − 3)(ய + 3).

இப்போது (ய − 3)ஐ வெட்டலாம். நான் பல மாதம் மாட்டிக்கொண்டது இங்கேதான். ய = 3 என்றால் (ய − 3) பூச்சியம், பூச்சியத்தால் வகுக்கக்கூடாது என்று ஆறாம் ஆண்டிலிருந்தே சொல்லித்தந்திருக்கிறார்கள், பிறகு எப்படி வெட்டுவது? விஷயம் என்னவென்றால், எல்லையில் ய ஒருபோதும் 3 ஆவதில்லை. 2.99, 2.999 என்றும் 3.01, 3.001 என்றும் இரண்டு பக்கமிருந்தும் கிட்டப் போகிறது, அவ்வளவுதான். ஆகவே (ய − 3) மிகச் சிறியது, ஆனால் பூச்சியமில்லை, தாராளமாக வெட்டலாம். தேயிலை நிரையில் ஒரு செடி மட்டும் பட்டுப்போயிருந்தால், இரண்டு பக்கத்துச் செடிகளையும் பார்த்தே அது எந்த இடத்தில் நின்றிருக்கும் என்று சொல்லிவிடுவோமே, எல்லை கேட்பதும் அந்த இடத்தைத்தான்.

மிஞ்சுவது (ய − 2)/(ய + 3). இதில் 3ஐப் போட்டால் 1/6.

ஒன்றை மறக்காதீர்கள்: 3ஐப் பிரதியிடும் வரி வரைக்கும் ஒவ்வொரு வரியிலும் ‘எல்லை ய→3’ என்று எழுத வேண்டும், பிரதியிட்ட பிறகு எழுதக்கூடாது. சரியான விடைக்கும் இதனால் எனக்குப் புள்ளி போயிருக்கிறது.

விடையைச் சரிபார்க்க வீட்டில் போன் கல்குலேட்டரில் 2.99ஐயும் 3.01ஐயும் போட்டுப் பாருங்கள், 0.1653, 0.1681 என்று வரும், 0.1667 இரண்டுக்கும் நடுவில். பரீட்சை மண்டபத்தில் கல்குலேட்டர் கிடையாது, அதனால் காரணிப்படுத்தலில் கை பழக வேண்டும். முப்படி (ய³ உள்ள கோவை) வந்தால் காரணிப்படுத்த நான் நெடும் வகுத்தலைவிடக் குணகங்களை ஒப்பிடுவதையே விரும்புவேன், பிழை குறைவு. மேலேயும் கீழேயும் தனித்தனியே வகையிட்டு எல்லை காணும் லோப்பித்தால் விதியைச் சிலர் குறுக்குவழியாகக் காட்டுவார்கள், ஆரம்பத்தில் வேண்டாம். வகையீட்டையே எல்லையை வைத்துத்தான் வரையறுக்கிறோம், அடித்தளம் போடும் முன் கூரை போட முடியாது.

பின்சேர்க்கை: இதை வாசித்த ஒரு தங்கச்சி, வெட்டிய பிறகும் 0/0 வருகிறதே என்று கேட்டிருந்தார். ய→1 ஆகும்போது (ய³ − 3ய + 2)/(ய² − 2ய + 1) அப்படிப்பட்டது. ஒருமுறை வெட்டினால் (ய² + ய − 2)/(ய − 1), மறுபடியும் 0/0. பயப்படாமல் இன்னொருமுறை காரணிப்படுத்துங்கள், (ய − 1) திரும்பவும் வெட்டுப்பட்டு (ய + 2) மிஞ்சும், விடை 3.

இன்னொருவருக்குக் குறியில் சிக்கல். (4 − ய)/(ய² − 16) இல், ய→4. (4 − ய)யும் (ய − 4)உம் ஒன்றல்ல, முதலில் −(ய − 4) என்று மாற்றி எழுதிவிட்டு வெட்டுங்கள், −1/8 வரும். அவருக்கு 1/8 வந்திருந்தது.

அப்புறம், மேலே 5, கீழே 0 என்று வந்தால் இந்த முறை உதவாது. அங்கே வெட்ட எதுவுமில்லை, முடிவுள்ள எல்லையும் இல்லை.