அமெரிக்கப் பள்ளி வேலைக்கு ஒப்பமிடும் முன் ஆசிரியர்கள் பார்க்க வேண்டியவை

அமெரிக்காவின் கிராமப்புறப் பள்ளிகளிலும், ஏழை மாணவர்கள் மிகுந்த நகரப் பள்ளிகளிலும் கணிதம், அறிவியல், சிறப்புக் கல்வி ஆகியவற்றுக்கு ஆசிரியர் கிடைப்பது அரிதாகிவிட்டதால், பிலிப்பைன்ஸிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் விசாவில் ஆள் எடுக்கும் வழக்கம் அங்கே வேரூன்றிவிட்டது. அங்குள்ள அரசுப் பள்ளி ஆசிரியரின் வார ஊதியம், அதே அளவு படித்து வேறு பணிக்குச் சென்றவர்களின் ஊதியத்தைவிட 2023-இல் 26.6 விழுக்காடு குறைவாக இருந்ததாக எகனாமிக் பாலிசி இன்ஸ்டிடியூட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது. உள்ளூர்ப் பட்டதாரிகள் பலர் வேண்டாமென்று விலகிய சம்பளத்துக்குத்தான் நம்மை அழைக்கிறார்கள். போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கணக்குப் பார்த்த பிறகு முடிவெடுங்கள் என்கிறேன்.

முதலில் எந்த விசா என்று கேளுங்கள். பெரும்பாலும் அது ஜே-1 என்ற பரிமாற்றத் திட்ட விசாவாகவே இருக்கும். மூன்றாண்டு வரை பணியாற்றலாம். நீட்டிப்பு கிடைத்தால் மொத்தம் ஐந்தாண்டு. அதன் பிறகு ஊர் திரும்பியே ஆக வேண்டும். குறைந்தது இரண்டாண்டு முழுநேரக் கற்பித்தல் அனுபவமும் தேவை. எச்1பி என்ற வேலை விசாவில் ஆறாண்டு வரை இருக்கலாம் என்றாலும், அதற்குக் குலுக்கல் உண்டு. வெளிநாட்டில் இருப்பவருக்காகச் செய்யப்படும் புதிய விண்ணப்பத்துக்கு 1,00,000 டாலர் கட்ட வேண்டும் என்ற அறிவிப்பும் 2025 செப்டம்பரில் வந்தது. சிறிய ஊர்ப் பள்ளி ஒன்று அத்தனை பெரிய தொகையைக் கட்டி உங்களை அழைக்கும் என்று ஏஜென்ட் சொன்னால், அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

அடுத்தது சம்பளம். ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பைப் பள்ளி மாவட்டம் என்பார்கள். ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் தன் ஊதிய அட்டவணையை இணையதளத்தில் வெளியிடுவது வழக்கம். இடப்பக்கம் அனுபவ ஆண்டுகள், மேல்வரிசையில் கல்வித் தகுதி, நடுவே தொகை என்று அது இருக்கும். இந்தியாவில் நீங்கள் பணியாற்றிய ஆண்டுகளை அவர்கள் சேர்த்துக்கொள்வார்களா, பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குவார்களா என்பதைக் கேட்டு, உங்களுக்குரிய கட்டத்தை நீங்களே கண்டுபிடியுங்கள். பத்தாண்டு அனுபவம் உள்ளவரைப் புதியவர் வரிசையில் வைத்தால் ஆண்டுக்குப் பல ஆயிரம் டாலர் போய்விடும். அமெரிக்க ஆசிரியர் சங்கமான தேசியக் கல்விச் சங்கத்தின் கணக்குப்படி 2023-24-இல் புதிதாகப் பணியில் சேரும் ஆசிரியரின் சராசரி ஆண்டு ஊதியம் 46,526 டாலர். அதை ரூபாயில் பெருக்கி மகிழ்வதில் பயனில்லை. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 3,877 டாலர் வரும். அதிலிருந்து வரி, மருத்துவக் காப்பீடு, வாடகை, பேருந்து இல்லாத ஊரில் கட்டாயமாகிவிடும் கார் ஆகியவற்றைக் கழித்துப் பாருங்கள். ஆகஸ்டில் வகுப்பு தொடங்கினாலும் முதல் சம்பளம் செப்டம்பரில்தான் வரும் என்ற இடங்கள் உண்டு. வீட்டு முன்பணத்தையும் சேர்த்து, இரண்டு மாதச் செலவுக்கான பணத்தைக் கையோடு கொண்டு செல்ல வேண்டும்.

கட்டணத்தில்தான் மோசடி அதிகம். லூசியானா மாநிலத்துக்கு அழைத்துவரப்பட்ட சுமார் 350 பிலிப்பைன்ஸ் ஆசிரியர்கள், ஆளுக்கு ஏறத்தாழ 16,000 டாலர் ஏஜென்டிடம் கட்டிவிட்டுக் கடனில் சிக்கினார்கள். அவர்கள் தொடுத்த வழக்கில் 2012-இல் நடுவர் குழு 45 லட்சம் டாலர் வழங்கத் தீர்ப்பளித்தது. மேரிலாந்தின் பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுன்டி பள்ளி மாவட்டம், தானே ஏற்க வேண்டிய எச்1பி செலவுகளை ஆசிரியர்கள் தலையில் கட்டியதற்காக, 1,044 பேருக்கு 42 லட்சம் டாலருக்கு மேல் திருப்பித் தர 2011-இல் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அதே உடன்பாட்டின் பகுதியாக அந்த மாவட்டம் இரண்டாண்டுக்கு வெளிநாட்டு ஆசிரியரை எடுக்கத் தடையும் வந்தது; விசா நீட்டிப்பை எதிர்பார்த்திருந்த ஆசிரியர்களே அதனால் வேலையை இழந்தார்கள். பணம் திரும்பக் கிடைத்தாலும் வேலை போய்விடக்கூடும் என்பதால், ஏமாந்த பிறகு நியாயம் தேடுவதைவிட முதலிலேயே கேட்டுத் தெளிவதே நல்லது.

ஜே-1 திட்டத்தில் ஆசிரியரை அழைத்துவரும் பொறுப்பை ஏற்கும் ஸ்பான்சர் நிறுவனம் எல்லாக் கட்டணங்களையும் தனித்தனியாகப் பட்டியலிட்டுத் தர வேண்டும். பள்ளியின் பெயர், ஊர், ஊதியம், பணி நிபந்தனைகள் அனைத்தும் நீங்கள் ஒப்புக்கொள்வதற்கு முன்பே எழுத்தில் வர வேண்டும். ஸ்பான்சரின் பெயர் அமெரிக்க வெளியுறவுத் துறையின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இந்திய ஏஜென்ட் என்றால் அவர் இந்திய அரசின் இமைகிரேட் (eMigrate) தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். இங்கே சட்டப்படி வாங்கத்தக்க சேவைக் கட்டணம் ஜி.எஸ்.டி. நீங்கலாக 30,000 ரூபாய்தான். லட்சக்கணக்கில் ரொக்கமாகக் கேட்டு ரசீது தர மறுப்பவரிடம் பேச்சை அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இடையில் வேலையை விட்டால் அபராதம் என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தால், வழக்கறிஞரிடம் காட்டாமல் ஒப்பமிடக் கூடாது.

சான்றிதழ் வேலையை முன்கூட்டியே தொடங்குங்கள். மூன்றாண்டு பி.எஸ்சி. பட்டத்தை மட்டும் வைத்து நான்காண்டு அமெரிக்கப் பட்டத்துக்கு இணை என்று மதிப்பீட்டு நிறுவனங்கள் பல ஒப்புவதில்லை, பி.எட். மதிப்பெண் பட்டியலையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். பல்கலைக்கழகத்திலிருந்து முத்திரையிட்ட உறையில் அது போய்ச் சேரவே மாதங்கள் ஆகலாம்.

குடும்பத்தோடு செல்பவர்கள், ஜே-2 விசாவில் வரும் துணைவர் தனியாக அனுமதி பெற்று வேலை செய்யலாம் என்பதையும், எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு கட்டாயம் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே போன பிறகு கடவுச்சீட்டைப் பள்ளியோ ஏஜென்டோ வாங்கி வைத்துக்கொள்ள உரிமையில்லை. யாராவது கேட்டால் 1-888-373-7888 என்ற அமெரிக்க ஆள்கடத்தல் தடுப்பு உதவி எண்ணை அழைக்கலாம். விசா நேர்காணலின்போது தரப்படும் உரிமைகள் பற்றிய சிறு கையேட்டிலும் உதவி எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். அதைப் படித்துவிட்டுப் பயணப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.