பூர்வீகம் தேடுகிறீர்களா? கப்பலேறிய இடம் சொந்த ஊர் ஆகாது

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கிற எங்கள் சுங்கை சிப்புட்டில் யாராவது தமிழ்நாட்டில் தங்கள் பூர்வீகம் தேட ஆரம்பித்தால், எப்படியோ சுற்றிக்கொண்டு என்னிடம் வந்துவிடுகிறார்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு. அதில் பாட்டனின் மங்கிப்போன படம், சிவப்பு ஐசியின் (நிரந்தரவாசிகளின் அடையாள அட்டை) நகல், அவ்வளவுதான். செய்கிற தவறுகளும் திரும்பத் திரும்ப அதேதான். பாதி, ஒரு காலத்தில் நானே செய்தவை. பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேளுங்கள், பத்திரங்களை நகலெடுங்கள் என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும். அவற்றை விட்டுவிட்டு, மற்ற தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

நாகப்பட்டினம்தான் நம்ம ஊர் என்று கிளம்புவது

இதைக் கேட்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். பாட்டியிடம் "நாம எந்த ஊரு?" என்று கேட்டிருப்பார்கள். பாட்டியும் "நாகப்பட்டணத்துலேருந்து வந்தோம்யா" என்று சொல்லியிருப்பார். அவர் பொய் சொல்லவில்லை. அங்கிருந்துதான் கப்பலேறினார்கள். மலாயாவுக்கு ஆள் அனுப்ப நாகப்பட்டினத்திலும் சென்னைக்குப் பக்கத்தில் ஆவடியிலும் முகாம்கள் இருந்தன. தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆர்க்காடு, தென்னார்க்காடு என்று பல சீமை ஆட்களும் அங்கே வந்து தங்கி, மருத்துவச் சோதனை முடிந்து கப்பலுக்குப் போனார்கள். இந்தக் கரையிலும் அதே கதைதான். பினாங்கில் இறங்கி ஜெரஜாக் தீவில் நோய்த் தடுப்புக்காகத் தடுத்து வைக்கப்பட்டவர், பினாங்கில்தான் வேலை செய்தார் என்று அர்த்தமில்லை.

எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்த ஒரு தம்பி, நல்ல வேலையில் இருப்பவர், பாட்டி சொன்ன அந்த ஒரு வார்த்தையை நம்பித் திருச்சிக்கு விமானம் ஏறினார். மனைவி, இரண்டு பிள்ளைகள், வாடகைக் கார். நாகப்பட்டினத்தைச் சுற்றியுள்ள ஊர் ஊராகப் பாட்டன் படத்தைக் காட்டி விசாரித்திருக்கிறார். பாட்டன் பெயர் முனியாண்டி மாதிரி ஊருக்கு ஊர் இருக்கும் பெயர். கேட்டால் யாராவது தலையாட்டாமலா இருப்பார்கள்? ஒரு ஊரில் ஒரு குடும்பம், "ஆமா, எங்க பெரிய தாத்தாவோட தம்பி மலேயாவுக்குப் போனவருதான்" என்று சொல்லிவிட்டது. அழுகை, மாலை, கறிச்சோறு. வீட்டுக் கூரைக்கும் கோவில் திருப்பணிக்கும் இவர் பணம் கொடுத்துவிட்டு வந்தார். இங்கே திரும்பியதும் குடும்ப மரம் வரைந்து, அச்சடித்து, சட்டம் போட்டு, சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் ஒவ்வொன்று கொடுத்தார்.

அப்புறம்தான் என்னிடம் வந்தார், இன்னும் இரண்டு தலைமுறை மேலே போக வேண்டுமாம். நான் கேட்டது ஒரே கேள்வி: "உங்க பாட்டனைக் கூட்டிட்டு வந்த கங்காணி யாரு?" தெரியாது என்றார். கங்காணி என்றால் ஊரிலிருந்து ஆள் சேர்த்துக் கூட்டிவந்த தோட்ட மேற்பார்வையாளர். அதே லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) முன்பு இருந்த ஒரு மூதாட்டி இப்போது டவுனில் மகள் வீட்டில் இருக்கிறார். அவரைப் போய்ப் பார்த்தோம். கங்காணி பெயர், அவருடைய கொழுந்தியா பெயர், அவர்கள் முசிறிப் பக்கத்து ஆட்கள் என்பது வரை, வெற்றிலையை மென்றுகொண்டே சொல்லிவிட்டார். கங்காணியின் பேரன் ஈப்போவில் இருந்தார். அவர் வீட்டில் ஊரின் பெயரே கிடைத்தது. நாகப்பட்டினத்துக்கும் முசிறிக்கும் என்ன தூரம்! அந்தக் கூரைக்காரக் குடும்பத்துக்கும் இவர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பணம் போனதைவிட எனக்கு ஆத்திரம் அந்தச் சட்டம் போட்ட மரத்தின் மேல்தான். சொந்தக்காரர் வீடுகளிலிருந்து அதைத் திரும்ப வாங்க யாருக்கும் மனம் வரவில்லை. ஒரு பிள்ளை அதைப் பார்த்துப் பள்ளிக்கூடக் கட்டுரையே எழுதிவிட்டது.

கங்காணியை ஏன் கேட்கச் சொல்கிறேன் என்றால், ஆள் சேர்த்த முறையே அப்படி. சஞ்சிக்கூலி (ஒப்பந்தக் கூலி) முறைக்கு 1910இல் தடை வந்தது. அதற்கு முன்பே வேர்விட்டிருந்த கங்காணி முறைதான் அதற்குப் பிறகு பெரிதாக ஓடியது. தோட்டத்தில் வேலை செய்யும் கங்காணி உரிமச் சீட்டோடு தன் சொந்த ஊருக்குப் போவார். தன் உறவு, தன் தெரு, பக்கத்துக் கிராமம் என்று ஆள் சேர்ப்பார். கிராம முன்சீப் கையெழுத்து போட வேண்டும். ஆக, ஒரு கங்காணிக்குக் கீழே ஒரே லயத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஒரே வட்டாரத்து ஆட்கள். உங்கள் பாட்டன் ஊர் மறந்துபோயிருக்கலாம். அடுத்த வீட்டுக்காரரின் பாட்டன் ஊர் மறந்துபோகவில்லை என்றால் பாதி வேலை முடிந்தது. தனி மனிதரைத் தேடாதீர்கள், அவரோடு வந்த கூட்டத்தைத் தேடுங்கள்.

சரி, கங்காணி பெயரும் தெரியவில்லை. அப்போது? தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடு, மாரியம்மன் கோவில் திருவிழாக் கணக்கு, உபயக்காரர் பட்டியல், 1954இல் தொடங்கிய தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் பழைய உறுப்பினர் அட்டை. இவற்றில் உங்கள் பாட்டன் பெயரோடு நிற்காமல், அவருக்கு முன்னும் பின்னும் யார் யார் என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். கல்யாணத்தில் யார் மாலை எடுத்துக் கொடுத்தார்கள், சாவில் யார் முதலில் தண்ணீர் எடுத்தார்கள் என்று பெரியவர்களிடம் கேளுங்கள். "எந்த ஊர்?" என்ற கேள்விக்குக் கிடைக்காத பதில் இவற்றில் கிடைக்கும். இதெல்லாம் முடிந்த பிறகு விமான டிக்கெட்டைப் பற்றி யோசிக்கலாம்.

எல்லாரும் ரஜூலாவில் வந்தவர்கள்

ரஜூலா 1926இல் கட்டப்பட்ட கப்பல். உங்கள் பெரிய தாத்தா 1915இல் தோட்டத்திலேயே பிறந்தவர் என்றால், அவருடைய அப்பா அதில் வந்திருக்க வழியில்லை. பிறகு ஊருக்குப் போய் வந்தது அதிலாக இருக்கலாம்.

பயணிகள் பட்டியலுக்காகக் காத்திருப்பது

பிஜிக்கும் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் ஒப்பந்தத்தில் போனவர்களுக்கு ஆளுக்கொரு எண், கப்பல் பெயர், கிராமம், தாலுகா என்று பதிவு உண்டு. அதைப் பார்த்துவிட்டு "நமக்கும் எங்கோ இருக்கும்" என்று உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. கங்காணியோடு மலாயா வந்த சாதாரணத் தொழிலாளிக்கு அந்த மாதிரி முழுப் பட்டியல் கிடையாது. உட்கார்ந்திருக்காதீர்கள்.

ஒரே முறைதான் வந்தார் என்று எண்ணுவது

1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை அடியோடு விழுந்தபோது, தோட்டங்கள் ஆயிரக்கணக்கில் ஆட்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பின. விலை ஏறியதும் பலர் மறுபடி வந்தார்கள், சில பேர் வேறு தோட்டத்துக்கு. 1938இல் இந்திய அரசு இப்படி ஆள் அனுப்புவதைத் தடை செய்தது. இப்படிப் போவதும் வருவதுமாக இருந்ததால்தான் ஒரே வீட்டில் ஒருவர் 1924 என்பார், இன்னொருவர் 1935 என்பார். இரண்டும் உண்மையாக இருக்கலாம், சண்டை போட வேண்டாம்.

"அவர் இந்தியாவுக்கே போயிட்டாரு"

ஜப்பான்காரன் காலத்தில் காணாமல்போன ஆண்களைப் பற்றிக் குடும்பங்கள் இப்படிச் சொல்லும். 1942, 43இல் சயாம் (இன்றைய தாய்லாந்து) மரண ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போனார்கள். பெரும் தொகையான தமிழர்கள் திரும்பவே இல்லை. போரின்போது மறைந்தவர் என்றால், தமிழ்நாட்டில் தேடுவதற்கு முன் அந்தத் தோட்டத்திலிருந்து சயாமுக்குப் போனவர்கள் யார் யார் என்று கேளுங்கள்.

ஐசியில் உள்ள பிறந்த தேதி

நம்பாதீர்கள். 1948 ஜூனில் எங்கள் ஊர்ப்பக்கத்தில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுடப்பட்டு, கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிரான அவசரகாலம் பிறந்தது. அடையாள அட்டையும் அதே வருடம் வந்ததுதான். வயது தெரியாதவருக்கு ஆளைப் பார்த்துக் குத்துமதிப்பாக எழுதியதும் உண்டு.

குடும்பப் பெயர்

நமக்குக் கிடையாது. குடும்ப மரம் வரையும் இணையதளங்களில் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். அப்பா பெயரை அங்கே போட்டால் தலைமுறைக்குத் தலைமுறை வேறு குடும்பமாகிவிடும்.

பழைய மாவட்டத்தை இன்றைய வரைபடத்தில் தேடுவது

வட ஆர்க்காடு 1989இல் பிரிந்தது, தென்னார்க்காடு 1993இல். நாகப்பட்டினம் 1991 வரை தஞ்சாவூர் மாவட்டம், நாமக்கல் 1997 வரை சேலம் மாவட்டம். தாலுகா பெயரைப் பிடித்துக்கொள்ளுங்கள், மாவட்டத்தை விடுங்கள்.

சாதியைத் தொடாமல் தேடுவது

கூச்சம் புரிகிறது. தோட்டத்தில் அதை மறந்து பழகியவர்கள் நிறைய பேர், மறைத்தவர்களும் உண்டு. நான் நேராகக் கேட்பதில்லை. குலதெய்வம் எது, முதல் மொட்டை எந்தச் சாமிக்கு, கெடா வெட்டு யாருக்கு என்று கேட்பேன். ஊரை மறந்த குடும்பம்கூடச் சாமி பெயரை மறப்பதில்லை. அந்தச் சாமிக்குத் தமிழ்நாட்டில் கோவில் இருக்கிற இடங்களைத் தாலுகாவோடு ஒப்பிட்டால் தேட வேண்டிய ஊர்கள் சுருங்கிவிடும். சாதி தெரியவந்தால் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம்.

தோட்டத்தின் ஒரு பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அர்கிப் நெகாரா (தேசிய ஆவணக் காப்பகம்) போவது

நம் ஆட்கள் தோட்டத்துக்கு வைத்த பெயர் வேறு, கம்பெனி ஏட்டில் இருக்கும் பெயர் வேறு. மேட்டுத் தோட்டம், புதுத் தோட்டம் என்றால் கோலாலம்பூரில் யாருக்கும் தெரியாது. 1950, 60களில் பல தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. 2007இல் பெரிய கம்பெனிகளே ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. பிறப்புப் பத்திரத்தில் உள்ள ஆங்கிலப் பெயர், கம்பெனியின் பெயர், டிவிஷன் (தோட்டத்தின் பிரிவு), பக்கத்து டவுன், நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால்தான் முகப்பில் இருப்பவரால் உதவ முடியும். பிறப்புப் பத்திரம் தொலைந்திருந்தால் முதலில் தேசியப் பதிவு இலாகாவுக்குப் போங்கள், காப்பகம் அப்புறம்.