சிற்றூர்ப் புள்ளிவிவரம்: நானும் செய்த தவறுகள்

போன வாரம் ஒரு இளைஞர், அமெரிக்கச் சிற்றூர் ஒன்றைப் பற்றிய தன் அறிக்கையை அனுப்பிப் பார்க்கச் சொன்னார். முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் "குடும்ப வருமானம் ஒரே ஆண்டில் கால்பங்கு உயர்வு". படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. இதே வரியை நானும் ஒரு காலத்தில் வேறொரு சிற்றூரைப் பற்றிய அறிக்கையில் எழுதியிருக்கிறேன். சதவீதத்தைத் தப்பாகப் போடுவது போன்ற பிழைகளை யாரும் சொல்லாமலே திருத்திக்கொள்வீர்கள். நான் சொல்ல வந்தது வேறு.

பிழை வரம்பை மறைப்பது

வருமான விவரம் பத்தாண்டுக் கணக்கெடுப்பிலிருந்து வருவதில்லை. அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வே என்ற மாதிரி ஆய்விலிருந்து வருகிறது. நாடு முழுக்க ஆண்டுக்குச் சுமார் 35 லட்சம் முகவரிகளைத்தான் கேட்கிறார்கள். சில நூறு பேர் வாழும் ஊரில் ஒரு வருடத்தில் பதில் சொல்லும் வீடுகள் மிகச் சில. அதனால் சிற்றூர்களுக்கு ஐந்தாண்டுத் தொகுப்பு மட்டுமே வெளியாகிறது. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ± போட்டு ஒரு பிழை வரம்பும் இருக்கும்; உண்மை எண் ஏறக்குறைய அந்த அளவுக்குக் கூடவோ குறையவோ இருக்கலாம் என்று பொருள்.

என் அறிக்கையில் நான் அந்தப் பிழை வரம்பு நெடுவரிசையை எக்செல்லில் மறைத்துவிட்டேன். அட்டவணை பார்க்கச் சுத்தமாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

அந்த ஊர் மன்றம் என் அறிக்கையை நம்பியது. துருப்பிடித்த குடிநீர்க் குழாயை மாற்ற, கூட்டாட்சி அரசின் சமூக மேம்பாட்டு நிதிக்கு விண்ணப்பிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். பயன்பெறுவோரில் குறைந்தது 51 சதவீதம் பேர் குறைந்த அல்லது மிதமான வருமானத்தினராக இருக்க வேண்டும் என்பது அந்த நிதியின் வழக்கமான நிபந்தனை. "வருமானம்தான் ஏறிவிட்டதே, நமக்கு எங்கே கிடைக்கும்" என்று அந்த ஆண்டு விட்டுவிட்டார்கள். அடுத்த கூட்டத்தில் ஒரு மூதாட்டி, தன் வீட்டுக் குழாயில் பிடித்த தண்ணீரைக் கண்ணாடிக் குடுவையில் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். தேநீர் நிறம். பிறகு வீடு வீடாக வருமானக் கணக்கெடுத்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் தகுதி பெற்றார்கள். ஒரு வருடம் போனது போனதுதான். இன்றும் நினைத்தால் என்மேல் கோபம் வருகிறது.

கணக்கு எளிது. முன்பு 41,000 டாலர், ±9,000; இப்போது 52,000 டாலர், ±11,000 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 11,000. இரண்டு வரம்புகளையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் ஏறக்குறைய 14,200. வித்தியாசம் அதைவிடக் குறைவு. அப்படியானால் "உயர்ந்தது" என்று எழுத உங்களுக்கு ஆதாரமே இல்லை.

இன்னொன்று: 2016–2020 தொகுப்பையும் 2017–2021 தொகுப்பையும் ஒப்பிடாதீர்கள். நான்கு ஆண்டுகள் இரண்டிலும் பொது. 2011–2015, 2016–2020 என்று ஒன்றோடொன்று சேராதவற்றை எடுங்கள்.

சிறைச்சாலையைக் கவனிக்காமல் விடுவது

கணக்கெடுப்பில் கைதிகள் சிறை இருக்கும் ஊரிலேயே எண்ணப்படுகிறார்கள். அயோவா மாநிலத்தின் அனமோசாவில் ஒரு வார்டில் முன்பு ஏறத்தாழ 1,400 பேர் இருந்தார்கள். மிகப் பெரும்பாலோர் கைதிகள். அங்கே ஒருவர் இரண்டே வாக்குகளில் நகர மன்ற உறுப்பினரானார். இப்படிப்பட்ட ஊரில் சிறையை மூடினால், குடும்பங்கள் வெளியேறியதுபோலவும் இனப் பன்மை குறைந்ததுபோலவும் எண்கள் காட்டும். தலா வருமானத்தில் கைதிகளும் சேர்வார்கள்; இடைநிலைக் குடும்ப வருமானத்தில், அதாவது குடும்பங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் வருமானத்தில், சேரமாட்டார்கள். இரண்டும் எதிரெதிர்த் திசையில் போனால் முதலில் சிறையைத் தேடுங்கள்.

இன எண்களை அப்படியே நம்புவது

நாடு முழுக்க, ஒன்றுக்கு மேற்பட்ட இனத்தவர் என்று பதிவானோர் 2010 இல் 2.9 சதவீதம், 2020 இல் 10.2. பத்தே ஆண்டில் மக்கள் அவ்வளவு மாறிவிடவில்லை. கேள்வியின் வடிவத்தையும் பதில்களை வகைப்படுத்தும் முறையையும் மாற்றினார்கள். உயர்வில் பெரும்பங்கு அதனால் வந்தது. உங்கள் ஊரிலும் அதே தாவல் தெரிந்தால் புதியவர்கள் குடியேறினார்கள் என்று எழுதிவிடாதீர்கள்.

ஹிஸ்பானிக் (ஸ்பானிய, லத்தீன் அமெரிக்க வழிவந்தோர்) என்பது 2020 படிவத்தில் இனத்திலிருந்து தனிக் கேள்வி. அதை இனங்களோடு கூட்டினால் நூறு சதவீதத்தைத் தாண்டும்.

தனியுரிமைக்காக 2020 எண்களில் வேண்டுமென்றே சிறு மாற்றங்கள் சேர்க்கப்பட்டன. மாநில மொத்த மக்கள்தொகை அப்படியே விடப்பட்டது; ஊர்களின் மக்கள்தொகை எண்கள் அப்படி விடப்படவில்லை. ஓர் இனத்தவர் நான்கிலிருந்து ஒன்பது பேராக ஆனது செய்தியே அல்ல.

பணவீக்கம்

பழைய டாலரை இன்றைய டாலராக மாற்றாமல் ஒப்பிடவே கூடாது.

ஊர் எல்லை

பக்கத்துப் பகுதியை ஊரோடு இணைத்திருப்பார்கள். யாரும் குடிவராமலே மக்கள்தொகை கூடியிருக்கும். 2010 வரைபடத்தையும் 2020 வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.